நெல்லியும் அரளியும்

மரம் செடிகளைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று வாசகர்களில் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நாம் உழவர் குடியில் பிறந்தவரல்லர். குருமடத்தில் நாம் கற்றது மெய்யியலும் இறையியலுமேயன்றித் தாவரவியல் அன்று. எனினும், ஒரு செடியை ஆசையோடு நட்டு, அதனாலேயே தலைகுனிந்து நின்ற அனுபவம் நமக்கு உண்டு. ஒரு மரத்தை வெட்டுவதற்கு ஒப்புதல் அளித்து, பின்னர் அதன் நிழலிலேயே வெட்கி நின்ற அனுபவமும் உண்டு. வீட்டைச் சுற்றி எதை நடலாம் என்று எண்ணும் குடும்பங்களுக்கு இவ்வனுபவம் பயன்படலாம் என்னும் நம்பிக்கையால் இதனை எழுதுகிறோம்.

2021ஆம் ஆண்டு சூன் திங்களில் நாம் இப்பங்கிற்கு மாற்றலாகி வந்தோம். திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் லைன் வீடுகளுக்கும் நடுவே, நொய்யல் ஆற்றிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கோவில் இது. கோவில் வளாகத்தின் முன்புறம் வெறும் மண்ணாகக் கிடந்தது. கிணற்று நீரை வாயில் விட்டால் கரித்தது. காரணத்தை இவ்வூரார் யாவரும் அறிவர். சாயப்பட்டறைகளின் உப்புக் கழிவு பல்லாண்டுகள் நொய்யலில் கலந்து, நிலத்தடியிலும் இறங்கிவிட்டது. பாசனத்திற்கென்று 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாய நீரின் தேக்கமாக மாறியதும், 2011ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி ஆணையிட்டதும் நாடறிந்த செய்திகள். அதன்பின் கழிவு நீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டது. ஆயினும் மண்ணில் சேர்ந்த உப்பு ஆணையைக் கேட்டு வெளியேறுவதில்லை அன்றோ!

அந்த மண்ணில் நாம் முதலில் வைத்தவை ரோசாவும் செம்பருத்தியும். பாதியை உப்பு நீர் கருக்கியது. மீதியை அக்கம்பக்கத்து ஆடுகள் முடித்தன. அப்பொழுது நம் உபதேசியார், "சாமி, அரளி வச்சுப் பாருங்க. அதை ஆடும் தின்னாது, வெயிலும் ஒண்ணும் பண்ணாதுங்க" என்றார். அவர் சொன்னபடியே நாற்பது குச்சிகளை வெட்டி, வாயிலிலிருந்து சிறுவர் மறைக்கல்வி வகுப்பு நடக்கும் கூடம் வரை இரு வரிசையாக நட்டோம். இரண்டே ஆண்டுகளில் அவை ஆளுயரம் வளர்ந்து, இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் குலுங்கின. கோவிலுக்கு வந்தவர்கள் யாவரும் பாராட்டினர். நாமும் அப்பாராட்டை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அரளியை இகழ்ந்து பேசுவது நம் நோக்கமன்று. இலக்கியம் அலரி என்று அழைக்கும் இச்செடி, மத்தியதரைக் கடல் நாடுகள் முதல் நம் ஆசியக் கண்டம் வரை பரவி வாழ்வது. ஆண்டு முழுவதும் இலையுதிராமல் பசுமையாக நிற்பது. தடித்து நீண்ட இலைகள் நீரை எளிதில் இழப்பதில்லை. ஆகவே வறட்சியைத் தாங்கும். உப்பு மண்ணையும் புகையையும் தூசியையும் பொறுத்துக்கொள்ளும். சேலத்திலிருந்து அவிநாசி வழியாகக் கோவை செல்லும் நெடுஞ்சாலை போன்ற பெருஞ்சாலைகளின் நடுத்திட்டுகளில் அரளியை வளர்ப்பது இக்காரணங்களுக்காகவே. எதிரே வரும் வண்டிகளின் விளக்கொளி ஓட்டுநரின் கண்ணைக் கூசவிடாமல் அது மறைக்கிறது. நீரூற்ற ஆளில்லாத இடத்திலும் நின்று, கால்நடைகளை ஈர்க்காமல், தன் கடமையைச் செய்கிறது. சேலம் பகுதியில் அரளிப் பூச்சாகுபடியால் பிழைக்கும் குடும்பங்களும் பல.

நிற்க. நம் இல்லத்தின் பின்புறத்தில், கிணற்றடியில், ஒரு நெல்லி மரம் நின்றது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் இங்குப் பணியாற்றிய குரு ஒருவர் விதையிலிருந்து வளர்த்தது என்று முதியோர் கூறினர். அவர் அதன் காயைச் சுவைக்கும் முன்பே மாற்றலாகிச் சென்றுவிட்டாராம். அம்மரத்தை நாம் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. கோடையில் அது இலையுதிர்த்துப் பட்ட மரம் போல் நிற்கும். உதிர்வதும் தனித்தனி இலையாக அன்று. இலைகள் செறிந்த சிறு ஈர்க்குகளோடு உதிர்ந்து முற்றத்தை நிரப்பும். பெருக்கும் அம்மையாரின் முணுமுணுப்பு நாள்தோறும் நம் காதில் விழும். காய்ப்போ மிகக் குறைவு. ஆண்டுக்கு இரண்டு முறம் காய் கிடைத்தால் அதிகம். அவற்றுக்காகச் சிறுவர் எறியும் கல் நம் சன்னல் கண்ணாடியைப் பதம் பார்க்கும்.

2023ஆம் ஆண்டு அக்டோபரில் பங்குப் பேரவை கூடியபோது இப்பேச்சு எழுந்தது. "சாமி, அந்த நெல்லி இருந்தும் பிரயோசனமில்லீங்க. குப்பைதானுங்க சேருது. வெட்டிப்போட்டுப் பேவர் பிளாக் போட்டா, முப்பது வண்டி நிறுத்தலாமுங்க" என்றார் உறுப்பினர் ஒருவர். ஞாயிறு திருப்பலிக்கு வருவோரின் இருசக்கர வண்டிகள் சாலை வரை நிற்பது உண்மையே. எதிர்த்துப் பேசியவர் ஒரே ஒரு முதியவர். பழம் தராத அத்திமரத்தை வெட்டச் சொன்ன உரிமையாளரிடம், தோட்டக்காரர் இன்னும் ஓராண்டு தவணை கேட்ட உவமையை அவர் நினைவூட்டினார். நாம் சிரித்தோம். பின்னர், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் மரத்தை வெட்டிவிடலாம் என்னும் தீர்மானத்தில் கையொப்பமிட்டோம்.

அடுத்த திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிற்பகலில் வடமாநிலத் தொழிலாளருக்கென்று இந்தித் திருப்பலி நடைபெறும். சார்க்கண்டு, ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து வந்து பனியன் கம்பெனிகளில் உழைக்கும் மக்கள் அதில் பங்குகொள்வர். அவர்களுள் சார்க்கண்டைச் சேர்ந்த இளந்தாய் ஒருவர் தம் மூன்று வயது மகனோடு வந்திருந்தார். திருப்பலி முடியும் வேளையில் வெளியே கூக்குரல் கேட்டது. சிறுவன் கையில் அரளிப்பூ. வாயில் மென்ற இலை. சற்று நேரத்தில் வாந்தி எடுத்தான். துவண்டு தாயின் தோளில் சாய்ந்தான்.

கூடியிருந்தோர் ஆளுக்கொரு வைத்தியம் கூறினர். உப்புக் கரைத்துக் கொடுக்கச் சொன்னார் ஒருவர். புளியைக் கரைக்கச் சொன்னார் மற்றொருவர். நல்ல வேளையாக, செவிலியராகப் பணிபுரியும் நம் பங்கின் பெண் ஒருவர் அனைவரையும் விலக்கினார். குழந்தையின் வாயில் எஞ்சியிருந்த இலைத் துணுக்குகளை விரலால் வழித்தெடுத்து, 108 வண்டியை அழைக்கச் செய்தார். ஓர் இலையையும் பூவையும் மருத்துவரிடம் காட்டுவதற்காகத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டார். நாமும் உடன் சென்றோம். மருத்துவமனையில் குழந்தையின் நெஞ்சில் கம்பிகளைப் பொருத்தி, இதயத் துடிப்பை இரவு முழுவதும் திரையில் கவனித்தனர். விழுங்கியது சிறிதே என்பதால் மறுநாள் மாலை அவன் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டான். அந்த இரவில் நாம் செய்த செபம், வாழ்நாளில் செய்த செபங்களிலெல்லாம் மிகச் சிறியது. "நட்டவன் நான்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

அரளியைப் பற்றி அன்று மருத்துவர் நமக்கு விளக்கியதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம். அதன் இலை, பூ, தண்டு, வேர், பால் அனைத்தும் நஞ்சு. அந்நஞ்சு இதயத்தைத் தாக்கும்; துடிப்பைக் குறைத்து, சீரற்றதாக்கிவிடும். இதய நோய்க்கு அளந்து கொடுக்கப்படும் டிஜாக்சின் என்னும் மருந்து செய்யும் வேலையை இது அளவின்றிச் செய்கிறது எனலாம். இலை காய்ந்தாலும் நஞ்சு நீங்குவதில்லை. ஆகவே கழித்த கிளைகளை ஆடுமாடுகள் எட்டும் இடத்தில் போடலாகாது. அவற்றை எரிப்பதும் தவறு. புகையும் தீங்கு செய்யும். கத்தரித்தபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். மஞ்சள் நிறத்தில் மணி போலப் பூக்கும் பொன்னரளியும் இவ்வாறே கொடியது. குழந்தையோ கால்நடையோ தின்றுவிட்டால், கட்டாயப்படுத்தி வாந்தி எடுக்கச் செய்யாமல், உப்பு நீர் கொடுக்காமல், உடனே மருத்துவரை நாடுவதே முறை.

ஆடு தின்னாது என்பதை அரளியின் சிறப்பாக எண்ணி நட்டோமே, ஆடு ஏன் தின்னவில்லை என்று நாம் ஒரு கணமும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆட்டுக்குத் தெரிந்தது குருமடத்தில் பத்தாண்டுகள் பயின்றவருக்குத் தெரியவில்லை.

இதன் மறுபக்கத்தையும் அம்மருத்துவமனையிலேயே கற்றோம். குழந்தையைக் கவனித்த மருத்துவர், தாயின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது. இரத்தப் பரிசோதனையில் ஈமோகுளோபின் ஏழு கிராமே இருந்தது. பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம். அந்தப் பெண் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருப்பவர். காலை எட்டரை மணிக்குப் புகுந்தால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டு மணிக்கு மேல்தான் வெளியே வருவார். காலை உணவு ஒரு டீயும் பன்னும். பதினொரு மணிக்கு மீண்டும் டீ. மாலையில் மீண்டும் டீ. படியேறும்போது மூச்சிரைப்பதையும், விளக்கடியில் துணியைப் பார்க்கையில் கண் இருள்வதையும், வேலைக் களைப்பு என்றே அவர் எண்ணியிருந்தார்.

இஃது அவர் ஒருவரின் துன்பமன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள்; இந்திய அளவில் 57 பேர். பின்னலாடைத் தொழிலில் ஊசிமுனையில் நாட்டின் ஏற்றுமதியைத் தாங்கும் கைகளில் பெரும்பகுதி இப்பெண்களின் கைகளே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மருத்துவர் இரும்புச் சத்து மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார். "மாத்திரையோடும் சாப்பாட்டோடும் டீ குடிக்கக்கூடாது. டீ இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்ளட்டும், அது சேர்க்கும்" என்றார். நெல்லிக்காய் என்ற சொல் நம் காதில் விழுந்தபோது, நாம் கையொப்பமிட்ட தீர்மானம் நினைவுக்கு வந்தது. அது நவம்பர் மாதம். நெல்லி காய்க்கும் பருவம்.

மறுவாரம் உபதேசியார் மரத்திலேறிக் காய்களைப் பறித்தார். ஒரு பகுதியை உப்பு நீரில் ஊறவிட்டு, மறு பகுதியை நறுக்கி வெயிலில் உலர்த்தினார். அந்தத் தாய் மரத்தைக் கண்டதும் முகம் மலர்ந்து, அரைகுறைத் தமிழில், "ஃபாதர், இது ஆவ்லா! எங்க ஊர் காட்டிலே நிறைய இருக்கு. அம்மா பறிச்சு வருவாங்க" என்றார். ஈராயிரம் கிலோமீட்டருக்கு இப்பால், தம் மொழி பேசாத ஊரில், தாய்வீட்டு மரம் ஒன்று பங்குக் கோவிலின் பின்புறத்தில் நிற்பதை அவர் அன்றுதான் கண்டார். நாளுக்கு ஒரு காய் என்று கொண்டு சென்றார். மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டார். கம்பெனியில் சாப்பாட்டு வேளையின் டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தார். நான்கு திங்களுக்குப்பின் ஈமோகுளோபின் பதினொன்றைத் தாண்டியது. அவரைத் தேற்றியவற்றுள் முதலிடம் மாத்திரைக்கே என்பதை நாம் அறிவோம். நெல்லி துணை நின்றது. இரத்தசோகைக்கு மாத்திரையை விட்டுவிட்டு நெல்லியை மட்டும் நம்பலாம் என்று எவரும் கொள்ளற்க.

நெல்லியின் பெருமை நம் முன்னோர் அறியாததன்று. தகடூரை ஆண்ட அதியமான், அரிதிற் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்த செய்தியைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அந்தத் தகடூர், நம் கொங்கு நாட்டை அடுத்த இன்றைய தருமபுரியே. சித்த வைத்தியர் கடுக்காயோடும் தான்றிக்காயோடும் நெல்லியைச் சேர்த்துத் திரிபலை என்று வழங்குவர். நெல்லிக்காய் லேகியம் இன்றும் வீடுகளில் உண்டு. இக்காலத்து ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. நூறு கிராம் ஆரஞ்சுச் சுளையில் ஏறத்தாழ ஐம்பது மில்லிகிராம் வைட்டமின் சி இருக்க, நெல்லிக்காயில் 250 முதல் 600 மில்லிகிராம் வரை இருப்பதாக அளவிட்டுள்ளனர். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது எண்பது மில்லிகிராம் அளவே. ஆகவே ஒரு காயே போதும். ஈறு கரைந்து இறந்த கடலோடிகளை எலுமிச்சையும் ஆரஞ்சும் காப்பதை பிரித்தானியக் கப்பல் மருத்துவர் சேம்சு லிண்டு சோதித்துக் கண்டது 1747ஆம் ஆண்டில். அந்தச் சத்தைத்தான் நம் பாட்டிமார் ஊறுகாய்ச் சாடியிலும் உப்பு நீரிலும் ஆண்டு முழுவதற்குமாகச் சேமித்து வைத்தனர்.

மற்றொன்றும் உண்டு. நெல்லியை இரும்புக் கத்தியால் நறுக்கினால் கத்தியும் காயும் கறுத்துப்போவதைக் கண்டிருப்பீர்கள். அதிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு கூடிக் கருநிறம் தருகிறது. பழைய சாயக்காரரும் மை காய்ச்சியவரும் இதனை அறிந்திருந்தனர். சாயத்தால் உப்பேறிய இவ்வூரில், ஆற்றைக் கெடுக்காத ஒரு சாயத்தையும் தன்னுள் வைத்துக்கொண்டு அம்மரம் நின்றது என்று எண்ணும்போது நமக்கு வியப்பே உண்டாயிற்று. போதாக்குறைக்கு, உப்பும் உவரும் மிகுந்த நிலத்தையும் தாங்கி வளரக்கூடிய பழமரங்களுள் நெல்லி முதன்மையானது. நம் முற்றத்தில் ரோசா கருகிய அதே மண்ணில் அது முப்பது ஆண்டுகள் நின்றதற்குக் காரணம் அதுவே.

எனினும் மருந்து மரமும் தன் அளவை மீறி ஒன்றும் செய்வதில்லை. நெல்லிக் கட்டையைக் கிணற்றில் இட்டால் நீர் இனிக்கும் என்பது கொங்கு நாட்டின் பழைய வழக்கம். நம் முதியவர் ஒருவர் சொற்படி, காய்ந்த கிளையொன்றைக் கோவில் கிணற்றில் இறக்கிப் பார்த்தோம். ஆறு திங்களாகியும் நீர் முன்போலவே கரித்தது. இயற்கையாகச் சிறிது உவர்த்த நீருக்கு அவ்வழக்கம் பொருந்தியிருக்கலாம். மனிதர் பல்லாண்டுகள் கொட்டிய உப்பை ஒரு கட்டை எவ்வாறு உறிஞ்சும்? நாம் செய்த பிழையை மரத்தின் தலையில் சுமத்துவது தகாது.

இனி, மரம் ஏன் சரிவரக் காய்க்கவில்லை என்ற வினா. வேளாண்மை அலுவலர் ஒருவர் வந்து பார்த்தார். "மரத்துல குறை இல்லீங்க ஃபாதர். துணையில்லாம தனியா நிக்குது, அவ்வளவுதான்" என்றார். நெல்லியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கும். ஆண் பூக்களே மிகுதி. தன் மகரந்தத்தால் தானே நன்கு காய்க்கும் இயல்பும் அதற்குக் குறைவு. அருகில் வேறொரு வகை நெல்லி நின்றால்தான் காய்ப்பு மிகும். சுற்றுவட்டாரத்தில் வேறு நெல்லியே இல்லை. பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் தந்த பி.எஸ்.ஆர். 1, வடக்கே உத்தரப்பிரதேசத்தில் உருவான என்.ஏ. 7 என்னும் இரு வகைகளையும் அவர் சொன்னார். முப்பது ஆண்டுகளாக நாம் 'காய்க்காத மரம்' என்று ஏசியது, துணையற்ற மரத்தை. பங்கில் தனித்து வாழும் எத்தனையோ பேரை இவ்வாறே ஏசியிருக்கிறோமோ என்ற எண்ணம் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

கோடையில் அது பட்ட மரம் போல் நிற்பதன் பொருளையும் அவர் விளக்கினார். இலையுதிர்த்து நீரைச் சேமித்துக்கொள்கிறது. பின்னர்த் துளிரோடு பூக்கிறது. வட இந்தியத் தோட்டங்களில், இளவேனிலில் கருவுற்ற பூ, கோடை முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத பிஞ்சாக உறங்கிக் கிடந்து, மழை வந்தபின்னரே பருக்கத் தொடங்குமாம். நாம் வெறுமை என்று கண்டது வெறுமையன்று, காத்திருத்தல்.

பேரவை மீண்டும் கூடியது. தீர்மானத்தை நாமே திரும்பப் பெறுவதாகக் கூறி, அதற்குரிய காரணத்தையும் நம் பிழையையும் மறைக்காமல் சொன்னோம். அரளியை வேரோடு எரித்துவிட வேண்டும் என்றார் சிலர். அரளியின் இடத்தில் கோனோகார்பஸ் வைக்கலாம், விரைவில் வளர்ந்து சுவர் போல் பசுமையாக நிற்கும் என்றார் ஓர் இளைஞர். அயல்நாட்டிலிருந்து வந்த அச்செடி அப்பொழுது பல நகரங்களில் விரும்பி நடப்பட்டு வந்தது. ஆயினும் அதன் வேர்கள் குழாய்களையும் வடிகால்களையும் சிதைப்பதாகவும், மகரந்தம் ஒவ்வாமை தருவதாகவும் புகார்கள் எழுந்து, அதே 2023ஆம் ஆண்டில் குசராத்து அரசு அதற்குத் தடை விதித்திருந்தது. 2025இல் தமிழ்நாடு அரசும் அதனை நடுவதற்குத் தடை விதித்தது. என்றும் பசுமையாகத் தெரிய வேண்டும் என்னும் ஒரே ஆசையால் நாம் மீண்டும் ஒரு பிழை செய்யாமல் தப்பினோம்.

முடிவில் அரளியை எரிக்கவில்லை. உறை அணிந்த கைகளால் கிளைகளைக் கழித்து, வேரோடு பெயர்த்து, கல்லறைத் தோட்டத்தின் சாலையோரக் கம்பிவேலிக்கு உட்புறமாக நட்டோம். லாரிகளின் தூசியும் புகையும் ஓயாத இடம் அது. குழந்தைகள் விளையாடாத இடம். ஆடுகள் எட்டாத இடம். அங்கே அது நன்றாகப் பூக்கிறது, தூசியைத் தடுக்கிறது. நஞ்சுச் செடி என்று ஓர் எச்சரிக்கைப் பலகையும் தமிழிலும் இந்தியிலும் எழுதி வைத்திருக்கிறோம். குற்றம் அரளியினுடையதன்று, இடமறியாது நட்ட கையினுடையது. நெடுஞ்சாலை நடுவில் நெல்லியை நட்டால், காய்க்கு ஆசைப்பட்டுச் சிறுவர் சாலையில் ஓடுவர். அங்கு அரளியே தக்கது. குழந்தைகள் தவழும் முற்றத்தில் அரளியை நட்டால், நேர்வது என்னவென்று நாம் கண்டோம்.

ஆகவே குடும்பத் தலைவர்களே, தலைவியரே, நாம் கூறுவது இதுவே. செடியை வாங்கும்போது, அது எவ்வளவு அழகாக இருக்கும் என்று கேட்பதற்கு முன், அதன் அருகே யார் நடமாடப் போகிறார்கள் என்று கேளுங்கள். வீட்டருகே சிறிது இடம் இருப்பின் ஒட்டு நெல்லி ஒன்றை வையுங்கள்; நெல்லியென்று நாம் கூறுவது பெருநெல்லியையே, புளிப்பான அரைநெல்லியையன்று. மூன்றடி ஆழமும் அகலமும் உள்ள குழியெடுத்து, தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, மழைக்காலத் தொடக்கத்தில் நடலாம். மரத்துக்கு மரம் இருபதடி இடைவெளி வேண்டும். ஒட்டுக்கன்று நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கும். இரண்டு மரங்களுக்கு இடமில்லையெனில், அண்டை வீட்டாரோடு பேசி, நீங்கள் ஒரு வகையும் அவர்கள் மற்றொரு வகையுமாக நடுங்கள். இரு வீட்டிலும் காய்க்கும். இரு வீட்டுக்கும் பேச்சும் இருக்கும். லைன் வீடுகளுக்கும் தொழிலாளர் விடுதிகளுக்கும் உரிமையாளராக இருப்போர், வாயிலில் அழகுச் செடி வைக்கும் செலவில் பின்புறம் இரண்டு நெல்லிகளை வைத்தால், உங்கள் கூரையின்கீழ் உறங்கும் பெண்பிள்ளைகளின் இரத்தத்துக்கு அது உதவும். 2015ஆம் ஆண்டு முதல் 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கத்தார் இம்மாவட்டமெங்கும் மரக்கன்றுகளை நட்டு வருகின்றனர். மரம் வளர்க்க மனமுடையோர்க்கு இவ்வூரில் துணை இல்லாமற் போகாது.

நம் பழைய மரத்தின் இரு கிளைகளில் 2024ஆம் ஆண்டு பி.எஸ்.ஆர். 1 வகையின் மொட்டுகளை ஒட்டச் செய்தோம். பக்கத்திலேயே என்.ஏ. 7 கன்று ஒன்றையும் நட்டோம். குழியில் முதல் கூடை மண்ணைப் போட்டவன் அரளியைத் தின்று பிழைத்த அச்சிறுவன். ஒட்டிய கிளைகளில் ஒன்று காய்ந்துவிட்டது. மற்றொன்று தழைத்து, இவ்வாண்டு முதன்முறையாகப் பூத்திருக்கிறது. அவன் இப்பொழுது நம் பகுதிப் பள்ளியொன்றில் தமிழ் படிக்கிறான். மரத்தடியில் நின்று "நெல்லி" என்று லகரம் பிசகாமல் சொல்கிறான்.

குருக்கள் ஓரிடத்தில் நெடுநாள் தங்குவதில்லை. நமக்கும் மாற்றல் ஆணை எந்நாளும் வரலாம். கன்று காய்ப்பதற்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். முப்பது ஆண்டுகளுக்கு முன் இம்மரத்தின் விதையை ஊன்றிச் சென்ற அந்தக் குருவும் காயைச் சுவைக்கவில்லை. அவர் நட்டதை நாம் வெட்ட இருந்தோம். நமக்குப்பின் வருபவரின் மேசையில், இது யாருக்காக நிற்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுச் செல்வோம்.